பிராந்திய விமான நிறுவனத்தில் முதல் ஓராண்டு: உரிமத்துக்குப் பின் நடப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானி ஆவது எப்படி என்று கல்விப் பக்கங்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் உரிமத்தோடு நின்றுவிடுகின்றன. எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் சரியாகவே எழுதப்படுகிறது. வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஓராண்டைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பலர் தடுக்கி விழுவது அங்கேதான். அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி தரும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். அங்கே பறக்கப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

பிராந்திய நிறுவனம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பயணச்சீட்டிலும் விமானத்தின் வாலிலும் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓட்டுவது வேறொரு சிறிய நிறுவனம். பாம்பார்டியர் சி.ஆர்.ஜே., எம்ப்ரேயர் 175 போன்ற 50 முதல் 76 இருக்கை கொண்ட ஜெட்கள்தான் அவற்றின் அடிப்படை. 76 என்ற எண் தற்செயலாக வந்ததல்ல. பெரிய நிறுவனங்கள் தங்கள் விமானிகள் சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு மேல் போக விடுவதில்லை. சட்டமும் சோதனைகளும் பெரிய விமானத்துக்கு உள்ளவையேதான். இன்னொன்று: வேலைக்கு விண்ணப்பிக்க அமெரிக்காவில் வேலை செய்யும் சட்ட உரிமை வேண்டும். மாணவர் விசாவில் பறக்கக் கற்றுக்கொள்வதும் அங்கே வேலையில் சேர்வதும் ஒன்றல்ல. பணம் கட்டும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் பேசும் விதிக்கு ஒரு விபத்துதான் காரணம். 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2013 முதல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. என்ற மிக உயர்ந்த நிலை விமானி உரிமம் கட்டாயமானது. பொதுவாக 1,500 மணி. அங்கீகரிக்கப்பட்ட நான்காண்டு விமானப் பட்டம் இருந்தால் 1,000, ஈராண்டுப் பட்டத்துக்கு 1,250, ராணுவ விமானிக்கு 750. எழுத்துத் தேர்வுக்கு முன் ஏ.டி.பி.-சி.டி.பி. என்ற வகுப்பும் உண்டு: 30 மணி வகுப்பறை, 10 மணி சிமுலேட்டர்.

இந்த 1,500 மணி எங்கே சேர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் பயிற்றுநராக வேலை செய்து, சுமார் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் போகும் ஒற்றை இன்ஜின் விமானத்தில், மாணவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சேர்க்கிறார்கள். பகல் வெளிச்சம், நல்ல வானிலை, பழகிய ஓடுபாதை. அந்த அனுபவம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பிறர் செய்யும் தவறை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கண் பயிற்றுநருக்கு உண்டு. ஆனால் இருவர் சேர்ந்து ஓட்டும் ஜெட்டில் தேவைப்படும் முக்கியமான பழக்கம் அந்த மணிகளுக்குள் கிடையாது. தனியாக எல்லாவற்றையும் செய்து பழகியவர், இப்போது ஒன்றைச் செய்யச் சொல்ல வேண்டும், செய்ததைச் சரிபார்க்க வேண்டும், சரியான நொடியில் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் தோற்பவர்களில் விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் குறைவு. ஃப்ளோவும் (சுவிட்சுகளை அமைக்கும் வரிசை) கால்அவுட்டும் (உரிய கணத்தில் சொல்ல வேண்டிய சொல்) நாக்கிலும் விரலிலும் ஏறாமல் சிமுலேட்டருக்குள் வந்தவர்களே அதிகம்.

பயிற்சி மொத்தம் இரண்டு, மூன்று மாதம். முதல் கட்டம் வகுப்பறை: நிறுவனத்தின் விதிகள், வானிலை வரம்புகள், எரிபொருள் கணக்கு, தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர் தரும் ரிலீஸ் (புறப்பாட்டு அனுமதி) தாள், பழுதை ஒத்திப்போடும் எம்.இ.எல். பட்டியல். தூக்கம் வரும், ஆனால் யாரும் இதில் தோற்பதில்லை. அடுத்து விமானத்தின் அமைப்புகள்: மின்சாரம், ஹைட்ராலிக், எரிபொருள், பிளீட் ஏர் (இன்ஜினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்று), பனி நீக்கம். இதற்கு வாய்மொழியாகவோ கணினியிலோ ஒரு தேர்வு. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. சிலர் ஒவ்வொரு வால்வின் அழுத்தத்தையும் மனப்பாடம் செய்வதில் இரவைக் கழிக்கிறார்கள். விமானி அறையிலிருந்து பார்க்க முடிவது என்ன, தொட முடிவது என்ன, இந்த மின்சாரப் பஸ் (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் தடம்) போனால் எந்தத் திரை அணையும் என்பதே போதும். கட்டாயமாக மனப்பாடம் வேண்டியவை இரண்டு: வரம்பு எண்கள், கையேட்டைத் திறக்காமல் உடனே செய்ய வேண்டிய அவசர நடவடிக்கைகள். அவை ஒரு சொல் பிசகாமல் வர வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் ஆளைச் சலிக்கும். முதலில் அசையாத பயிற்சிக் கருவியில் நடைமுறைகள், பிறகு முழு அசைவு சிமுலேட்டர். பெரும்பாலான நிறுவனங்களில் நான்கு படி: அமைப்புகள், நடைமுறைகள், பறத்தல் திறன், கடைசியில் ஒரு முழுப் பயணத்தைக் கதவு மூடுவது முதல் நிறுத்துவது வரை ஓட்டிக் காட்டும் எல்.ஓ.இ. ஒவ்வொரு சிமுலேட்டர் வகுப்பும் 4 மணி நேரம். 2 மணி நீங்கள் ஓட்டுவீர்கள், 2 மணி உங்கள் கூட்டாளி ஓட்டுவார். இந்தக் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கூட்டாளி ஓட்டும் 2 மணி ஓய்வு நேரமல்ல. கண்காணிக்கும் விமானி என்ற வேலைக்கும் உங்களை மதிப்பிடுகிறார்கள். கூட்டாளி பலவீனமானவராக இருந்தால் அவரோடு மாலையில் உட்கார்ந்து படியுங்கள். அவர் கால்அவுட் தவறினால் உங்கள் கையோட்டமும் தடுமாறும்.

ஃப்ளோ என்பது பேனலில் கை போகும் பாதை. மேல் பேனலில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், பிறகு முன் பேனல், பிறகு நடு மேடை என்று நிறுவனம் வரைந்து கொடுத்த வரிசையில் சுவிட்சுகளை அமைத்துவிட்டு, செக்லிஸ்டால் முக்கியமானவற்றை மட்டும் சரிபார்ப்பது. செக்லிஸ்ட் செய்வதற்கான பட்டியலல்ல, செய்ததைச் சோதிக்கும் பட்டியல். இது புரியாமல் பட்டியலைப் பார்த்துப் பார்த்து சுவிட்ச் தேடுபவருக்குப் புறப்படும் முன்பே 10 நிமிடம் போய்விடும். வகுப்பு தொடங்கும் முன்பே பல நிறுவனங்கள் கையேட்டையும் காக்பிட் படத்தையும் அனுப்பிவிடும். படத்தை உண்மை அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, நாற்காலி போட்டு, விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் படித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். வாய் திறந்தால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரியும். தினம் அரை மணி என்று ஒரு மாதம் இதைச் செய்தவருக்கும் முதல் நாள்தான் உறையைப் பிரித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது சிமுலேட்டர் வகுப்பிலேயே பளிச்சென்று தெரியும்.

ஓடுபாதையில் வி-ஒன் வேகத்தை (அதற்கு மேல் புறப்பாட்டை நிறுத்தக் கூடாத வேகம்) தாண்டியதும் ஒரு இன்ஜின் போவதை எடுத்துக்கொள்வோம். இதைக் கட்டாயம் ஓட்டிக் காட்ட வேண்டும். பல நிறுவனங்களில் துணை விமானி புறப்பாட்டை ஓட்டினாலும் இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் லீவரில் கேப்டனின் கைதான் இருக்கும். நிறுத்துவதா போவதா என்பது அவர் முடிவு. 'வி-ஒன்' என்று குரல் வந்ததும் அந்தக் கை லீவரை விட்டு எடுக்கப்படும். இனி நிறுத்தும் பேச்சே இல்லை. இன்ஜின் போனதும் மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்க ரடரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பகுதியின் பெடல்) மூக்கு நிற்கும் அளவுக்கு அழுத்த வேண்டும்; அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். யோக் (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) நேராக இருக்க வேண்டும். ரடர் போதாமல் யோக்கைத் திருப்பிச் சமாளிப்பவர்தான் அதிகம். திருப்பினால் இறக்கையின் மேல் தகடான ஸ்பாய்லர் எழும்பும், இழுவிசை கூடும், ஏற்கெனவே பாதியாகிவிட்ட சக்தியில் ஏறுவது இன்னும் குறையும். பிறகு வழக்கத்தைவிட மெதுவாக மூக்கைத் தூக்கி, வி-டூ என்ற பாதுகாப்பான ஏறும் வேகத்தைப் பிடிக்க வேண்டும். 'பாசிட்டிவ் ரேட்' (விமானம் ஏறுகிறது), 'கியர் அப்' (சக்கரத்தை மடக்கு). அதன் பிறகு குறிப்பிட்ட உயரம் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. எந்த இன்ஜின் என்று அவசரப்பட்டுக் கண்டுபிடித்து லீவரை இழுப்பவர் நல்ல இன்ஜினை இழுத்துவிடும் ஆபத்து உண்டு. முதல் முயற்சியில் எல்லோருக்கும் விமானம் ஆடும். நான்காவது முறையும் ஆடினால் கோளாறு பெரும்பாலும் காலில்தான்: இருக்கையையும் பெடலையும் சரியாக அமைத்துக்கொள்ளாததால் முழு ரடர் எட்டுவதில்லை. உட்கார்ந்தவுடன் ரடரை முழுவதும் மிதித்துப் பாருங்கள்.

ஒற்றை இன்ஜினில் தரையிறங்க வந்து மீண்டும் மேலே ஏறுவது இதைவிட அதிகம் பேரைத் தோற்கடிக்கிறது. காரணம் கையல்ல, வாய். மீண்டும் ஏறுவதற்கான பட்டனை அழுத்தி, சக்தி கொடுத்து, மூக்கைத் தூக்கி, ஃப்ளாப் (இறக்கையின் பின் மடிப்பு) கேட்டு, ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு சக்கரம் கேட்டு, திசையைப் பிடிக்கும் ஆட்டோபைலட் மோடைக் கேட்டு, வேகம் கூட்டும் உயரத்தில் ஃப்ளாப்பை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் விட்டால் அடுத்த சொல் வராது. மிஸ்டு அப்ரோச் (தரையிறங்காமல் மீண்டும் ஏறுவது) உயரத்தை முன்பே அமைக்க மறந்தால் ஆட்டோபைலட் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பொதுத் தவறு, மோடைக் கேட்டுவிட்டுத் எந்த மோடு இயங்குகிறது என்று காட்டும் திரையின் மேல் வரியைப் படிக்காமல் இருப்பது. பட்டனை அழுத்தினோம் என்பது மோடு ஏறிவிட்டது என்பதற்குச் சாட்சி அல்ல. அந்த வரி மட்டுமே சாட்சி.

ஸ்டால் (கோணம் அதிகமாகி இறக்கை தூக்கும் விசையை இழப்பது) பயிற்சி முன்பு நடந்த விதமே வேறு. உயரம் இழக்காமல் மீள்வதுதான் மதிப்பெண். அதனால் மூக்கை இறக்கத் தயங்கும் பழக்கம் ஊறியது. கோல்கன் விமானத்தில் ஸ்டாலை எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்ததும் கேப்டன் யோக்கை இழுத்தார். இன்று முதல் பாடமே மூக்கை இறக்கி இறக்கையின் கோணத்தைக் குறைப்பது, உயரம் பிறகு. 2019 மார்ச் முதல் எச்சரிக்கை நிலையோடு நிற்காமல் முழு ஸ்டாலையும் சிமுலேட்டரில் செய்து மீள வேண்டும் என்பது விதி. பழைய பள்ளியில் படித்தவர்களின் கை இன்னும் பின்னால் இழுக்கிறது. அதை மறக்கடிக்க நேரம் பிடிக்கும்.

எல்.ஓ.இ. முடிந்தால் உரிமத்தில் அந்த விமானத்தின் பெயர் ஏறும். பிறகு சோதனை விமானியோடு (புதியவர்களை மேற்பார்வையிட்டு மதிப்பிடும் நிறுவனத்தின் மூத்த விமானி) பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜெட்டில் குறைந்தது 25 மணி. இங்கே தொல்லை தருபவை இரண்டு: இறங்கும் கணக்கு, தரை தொடும் கணம். முதலாவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 35,000 அடியிலிருந்து 5,000 அடிக்கு இறங்க 90 மைல். வேகம் குறைக்க இன்னொரு 10. பின்காற்று இருந்தால் அதற்கும் மேல். ஜெட்டில் ஒரே சமயத்தில் இறங்கவும் வேகம் குறைக்கவும் முடியாது என்பதைச் சிறிய விமானத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வாரம் நம்ப மாட்டார்கள். 10,000 அடிக்குக் கீழே 250 நாட்தான். அதைத் தவறவிட்டு, அங்கிருந்து துரத்தி, 1,000 அடியில் வேகமும் இறக்கமும் நிலைப்படாமல் வந்தால் திரும்ப ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறுவது தோல்வியல்ல, ஏறாமல் தரையிறங்குவதைத்தான் சோதனை விமானி எழுதி வைப்பார்.

தரையிறக்கத்தில், சின்ன விமானத்தில் பழகியது போல மூக்கைத் தூக்கி மிதக்கவிட்டு மென்மையாகத் தொட ஆசைப்படுவார்கள். 135 நாட் என்றால் நொடிக்கு 220 அடிக்கு மேல். 4 நொடி மிதந்தால் ஏறக்குறைய 900 அடி ஓடுபாதை போயிற்று. முதல் 3,000 அடிக்குள் சக்கரம் பட வேண்டும். சி.ஆர்.ஜே. 200-க்கு இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்ற நகரும் தகடு இல்லாததால் மூக்கு சற்றுத் தாழ்ந்தே வரும். தூக்கக் கொஞ்சம் தாமதித்தால் கடுமையாக இடிக்கும். எம்ப்ரேயர் 175 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலும் உண்டு. ஆனால் அதையே நம்பிப் பழகியவர், அது பழுதாகி ஒத்திப்போடப்பட்ட நாளில் லீவரைத் தொட மறப்பார்.

தனியாக வழித்தடத்துக்கு வந்த பிறகும் முதல் 100 மணி வரை வேலி உண்டு. சோதனை விமானி அல்லாத கேப்டனோடு போகும்போது, குறுக்குக்காற்று 15 நாட்டைத் தாண்டினால், பார்வைத்தூரம் முக்கால் மைல் அல்லது அதற்கும் கீழே போனால், ஓடுபாதையில் தண்ணீரோ பனியோ தேங்கினால், விண்ட்ஷியர் (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கை வந்தால் புறப்பாடும் தரையிறக்கமும் கேப்டனுடையவை. இருவரில் ஒருவருக்காவது அந்த விமானத்தில் 75 மணி வழித்தட அனுபவம் வேண்டும். இரண்டு புதியவர்களை ஒன்றாக அனுப்ப முடியாது. அந்த 100 மணியையும் 120 நாளில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுபயிற்சியோ சோதனை விமானியின் மேற்பார்வையோ இல்லாமல் தொடர முடியாது. புதியவருக்கு இது சாதாரணச் சிக்கல் அல்ல. ஏனென்றால் அவர் ரிசர்வில் உட்கார்ந்திருப்பார்.

ரிசர்வ் என்றால் அழைப்புக்குக் காத்திருப்பது. குறுகிய அழைப்பு ரிசர்வில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி கையில் போனோடு இருக்க வேண்டும். அழைத்தால் பொதுவாக இரண்டு மணிக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். எந்த ஊர், எந்த விமானம், எந்த விடுமுறை என்பதை எல்லாம் தீர்மானிப்பது சீனியாரிட்டி எண். அது வகுப்பில் சேரும் நாளில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே வகுப்பில் பல இடங்களில் வயதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். அதனால்தான் பிள்ளைகள் கிடைத்த முதல் தேதியில் ஓடிச் சேர்கிறார்கள். எங்கள் கருத்து இது: ஒரு மாதம் தள்ளிப் போனால் சில எண்கள் போகும், தயாரில்லாமல் போய் எல்.ஓ.இ.யில் தோற்றால் அது பதிவில் ஏறும். கோல்கன் கேப்டன் பழைய தோல்விகள் சிலவற்றை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதன் விளைவாக, 2010 சட்டப்படி அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. நடத்தும் விமானிப் பதிவேட்டில் இன்று தோற்ற சோதனைகள், பயிற்சிப் பதிவுகள் எல்லாம் இருக்கும். வேலை கொடுக்கும் முன் நிறுவனம் பார்த்தே ஆக வேண்டும். ஒரு தோல்வியால் யாருடைய வாழ்க்கையும் முடிவதில்லை. மறைப்பது முடிக்கும். நேர்முகத்தில் கேட்டால் எது தப்பியது, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பரிசோதகரைக் குறை சொல்லாதீர்கள்.

வேலையிடத்துக்கு அருகில் குடியிருக்க முடிந்தால் குடியிருங்கள். பணிக்கு முன் 10 மணி ஓய்வு, அதில் தடையில்லாத 8 மணி தூக்க வாய்ப்பு என்று 2014 முதல் விதி இருக்கிறது. ஆனால் வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்து சேரும் நேரத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. அந்தத் தூக்கத்தை எங்கே திருடுவது என்பதை விமானியின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள்.

சம்பளம் மணிக்கணக்கு, கதவு மூடி நகர்வது முதல் வந்து நிற்பது வரைதான் மணி. மாதம் 75 மணி அளவுக்கு உத்தரவாதம் இருப்பது வழக்கம். 2022-க்குப் பிறகு தொடக்க ஊதியம் பெரிதும் உயர்ந்துவிட்டதால் பழைய பஞ்சக் கதைகளை அப்படியே நம்ப வேண்டாம். கேப்டனாக நிறுவன விமானப் பணியில் 1,000 மணி வேண்டும். ஆள் பற்றாக்குறையின்போது 1,000 முடிந்த மறுவாரமே இடது இருக்கைக்கு அழைப்பு வரும். ஒரு குளிர்காலமாவது பனி நீக்கத் திரவம் எவ்வளவு நேரம் காக்கும் என்ற கணக்கோடு போராடிப் பார்க்காமல் அந்த இருக்கைக்குப் போவது எங்களுக்குச் சம்மதமில்லை. புதிய கேப்டனுக்கும் முதல் 100 மணிக்குத் தரையிறங்கும் வரம்பில் உயரத்துக்கு 100 அடியும் பார்வைத்தூரத்துக்கு அரை மைலும் கூட்டப்படுகின்றன.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, தங்குமிடத்தில் தனி அறையா? சிமுலேட்டரில் கூடுதல் வகுப்பு தேவைப்பட்டால் எத்தனை தருவார்கள், கூட்டாளியை மாற்றித் தருவார்களா? எல்.ஓ.இ.க்கும் முதல் வழித்தடப் பறப்புக்கும் இடையில் எத்தனை வாரம் போகிறது? புதியவர் எத்தனை மாதம் ரிசர்வில் இருக்கிறார்? பயிற்சி ஒப்பந்தம் உண்டென்றால் தொகை எவ்வளவு, மாதாமாதம் குறையுமா, பயிற்சியில் தோற்றாலும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு வாய்வழிப் பதில் போதாது. ஒப்பந்தத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிராந்திய விமானப் பயிற்றுநர்களான வாசகர்கள் சிலர்